நாலு தட்டல்

கணக்குப் பரீட்சை முடியப்போகிறது என்று அறிவிக்க, டீச்சர் சாவிக்கொத்தால் மேஜையை இரண்டு முறை தட்டினார். கடைசி பெஞ்சிலிருந்த மாணவி, வீட்டில் எல்லோருக்கும் பெரியவள், சட்டென்று எழுந்து, "இதோ வரேம்மா" என்று கதவு வரைக்கும் போய்விட்டாள்.

வகுப்பே சிரித்தது. "நான் உங்கம்மா இல்லம்மா, போய் உக்காரு" என்றார் டீச்சர். பெரியவளும் சேர்ந்துதான் சிரித்தாள். உட்கார்ந்த பிறகும் கண் மட்டும் சாவிக்கொத்தின் மேலேயே இருந்தது.

வீட்டுப் பழக்கம் அப்படி. அம்மா ஒரு காலத்தில் தெருவுக்கே துணி தைத்தவள். முதுகில் வலி வந்து குடியேறிய பிறகு மிஷினுக்கு உறை போட்டாயிற்று. குரல் எழுப்பினாலே முதுகு இழுக்கும். அதனால், ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டும் இரும்புத் தொப்பியால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். ஒரு தட்டல் என்றால் தண்ணீர். இரண்டு என்றால் மாத்திரை. மூன்று என்றால், யாரும் கிட்டே வராதீர்கள்.

மூன்றுதான் அதிகம் வரும். வந்துவிட்டால் வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். கரண்டி பாத்திரத்தில் படாமல் கிளறப் பெரியவள் பழகியிருந்தாள். தம்பிக்கு வாலு என்று பேர். அந்த வால் சுருண்டு வெகுகாலமாகிறது. பூனை நடந்தால்கூடக் கேட்கும், அவன் நடந்தால் கேட்காது. "பிள்ளைங்கன்னா இப்படி இருக்கணும்" என்று வந்தவர்களெல்லாம் மெச்சிவிட்டுப் போனார்கள்.

பெரியவளை அரித்தது வேறொன்று. கொஞ்ச நாளாக அவள் காதில் நாலு தட்டல் கேட்டது. நாலுக்கு அந்த வீட்டில் அர்த்தமே கிடையாது. சுவருக்குள் யாரோ நின்று தட்டுவதுபோல் மெல்லக் கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால், "நான் தட்டலியே" என்பாள் அம்மா. ஒரு நாள் அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தொப்பி போட்ட விரல் மார்பின்மேல் அசையாமல் கிடந்தது. தட்டல் மட்டும் கேட்டது.

தன் மண்டைக்குள்தான் ஏதோ கழன்றுவிட்டது என்று பெரியவள் பயந்தாள். யாரிடம் சொல்வது? அந்த வீட்டில் வலிக்குச் சொந்தக்காரி ஒருத்திதான். இன்னொருத்தி பங்குக்குப் போக முடியுமா?

அந்த வாரம் முதுகில் ஊசி போட அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார் அப்பா. ஒரு ராத்திரி தங்க வேண்டும். காரில் ஏறும்போதும் அம்மாவின் விரலில் தொப்பி மின்னியது.

"அங்கயும் தட்டப் போறியாம்மா?"

"அங்கயும் கட்டில் இருக்கும்ல?"

"நர்ஸுங்க பாவம்" என்றார் அப்பா.

கார் போனதும் பெரியவள் தம்பியின் கையில் பந்தைத் திணித்தாள். "போய் விளையாடுடா. இன்னைக்கு நீ கத்தலாம்." அவன் சத்தமில்லாமல் போனான்.

அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. எவர்சில்வர் மூடி ஒன்றை எடுத்துத் தரையில் போட உயர்த்தினாள். விரல்கள் திறக்க மறுத்தன. யாருமில்லாத வீட்டில், மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

டக். டக். டக். டக்.

அம்மாவின் அறையிலிருந்து. படுக்கையை உதறி, கதவைச் சாத்தியவளே அவள்தான். மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள்.

திரை போட்ட அறையில் பகலும் சாயங்காலம் போலத்தான் இருக்கும். கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். சுவரைப் பார்த்து ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, தலைவரைக்கும் போர்த்திக்கொண்டு, இடுப்பில் வெந்நீர்ப் பையோடு. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. விரலில் இரும்புத் தொப்பி. கம்பியை நாலு முறை தட்டிவிட்டு உள்ளே போனது.

அப்படியானால் காரில் ஏறிப்போனது யார்?

"அம்மா?" என்றாள். போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

வாலு.

"நீ விளையாடப் போகலை?"

"பின்வாசல் வழியா வந்துட்டேன்."

"இது ஏதுடா?"

"மிஷின் டிராயர்ல இன்னொண்ணு கெடந்துச்சு."

"இத்தனை நாளா நீதானா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். "உனக்குக் கேட்டுச்சா? என் ரூம் ஜன்னல்ல தட்டுவேன். யாருக்கும் கேக்கலைன்னு நெனச்சேன்."

"கேட்டுச்சுடா. அம்மாகிட்ட ஓடினேன்."

"எல்லாரும் அங்கதான் ஓடுவீங்க."

"நாலுன்னா என்ன?"

"என்கிட்ட வா."

"உனக்கு எங்கடா வலிக்குது?"

"எங்கயும் இல்ல. அம்மா மாதிரியே படுத்துப் பாத்தேன். வலி வரவே மாட்டேங்குது." அவன் விரலிலிருந்த தொப்பியைத் திருகினான். "வலிச்சாத்தானேக்கா வருவீங்க?"

பெரியவள் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு இருந்தேன்டா."

"அது தனி."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. மடியிலிருந்த மூடி நழுவித் தரையில் விழுந்து, சுழன்று சுழன்று அலறியது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். சுவர் சும்மா இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அம்மா திரும்பி வந்தாள். போட்ட ஊசி மருந்து பலிக்க நாளாகுமாம். படுத்த கொஞ்ச நேரத்தில் மூன்று தட்டல் வந்தது. அப்பா டிவியை அணைத்தார். வீடு மூச்சை அடக்கியது.

தம்பியின் அறையில் பெரியவள் அவன் விரலிலிருந்த தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. அம்மாவுக்கு வலிக்கும்."

அவள் ஜன்னல் கம்பியை நாலு முறை தட்டினாள்.

அம்மாவின் அறையில் கட்டில் முனகியது. செருப்பு தரையில் தேய்ந்தது, நின்றது, மறுபடி தேய்ந்தது. சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டு ஏதோ ஒன்று நடைவழியில் அவர்களை நோக்கி வந்தது. வாலு அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தான்.

கதவு திறந்தது. நிலையைப் பிடித்தபடி அம்மா நின்றாள், நெற்றியெல்லாம் வேர்வை.

"யாரு தட்டினது?"

இரண்டு பேரும் கையைத் தூக்கினார்கள்.

"நாலுன்னு நான் எதுவும் வைக்கலியே."

"நாங்க வச்சதும்மா" என்றாள் பெரியவள். "எங்ககிட்ட வான்னு."

அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, தம்பியின் படுக்கை விளிம்பில் மெல்ல மெல்ல உட்கார்ந்தாள்.

"தள்ளிப் படுங்க ரெண்டு பேரும்."

"இங்க மெத்தை சரியில்லம்மா, வலிக்கும்" என்றான் வாலு.

"அங்க படுத்தா மட்டும் வலிக்காதாக்கும்" என்று அம்மா தன் விரல் தொப்பியைக் கழற்றினாள்.