வெந்நீர்ப் பாசி

இலங்கையில், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பங்களா சமையல்காரன். பெரிய துரையைப் பார்க்க வந்த விருந்தாளி, நிலத்தடி வெந்நீரை ஆராய்கிறவராம். என் மிளகுத்தண்ணி சூப்பில் மயங்கி, சிலி என்கிற நாட்டிலுள்ள தன் கூடாரத்துக்குச் சமைக்க வரச்சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் படங்கள் காட்ட, துரை தமிழில் சொன்னார். மலையுச்சியில் புல்லே முளைக்காத பாலை. விடியற்குளிரில் எங்கு பார்த்தாலும் ஆவி. தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் ஆளுயரம் பீய்ச்சியடிக்கிறது. அடுப்பை யார் மூட்டுவது என்று கேட்டேன்; பூமிக்கடியில் நெருப்பு என்றார்கள். மழையில்லாத ஊருக்குத் தண்ணீர் ஏது என்றேன்; தூரத்து மலைப்பனி என்றார்கள். அவ்வளவு உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுமாம், ஆனால் அதில் பருப்பு வேகாதாம். கொதித்தும் வேகவைக்காத தண்ணீரை வைத்துக்கொண்டு சமையல்காரன் என்ன செய்வான்?

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் என் மனைவி பேச்சியம்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள். யாரோ என்னை நன்றாக ஏமாற்றுகிறார்களாம். ஆனாலும் என் கம்பளிச் சட்டையை அவள்தான் துவைத்துப் போட்டாள். கண்டியைத் தாண்டாத எனக்கும் போகவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

மறுநாள் சம்மதம் சொன்னேன். விருந்தாளி மகிழ்ந்து இன்னொரு படத்தை நீட்டினார். வெந்நீரின் ஓரத்தில் மஞ்சளும் பச்சையுமாகப் பாசி. வேறெங்கும் அது பிழைக்காதாம், அந்தச் சூடுதான் அதற்குச் சொந்த இடமாம், யாரும் மிதிக்கக்கூடாதாம். பிறகு துரை கேட்டார்.

"வீரய்யா, பாஸ்போட் எடுக்கணும். நீ எந்த நாடு?"

"இங்கதாங்க தொரை பொறந்தேன். எங்கப்பாவும் இங்கதான்."

நாற்பத்தெட்டில் வந்த சட்டப்படி, அப்பா இங்கே பிறந்ததற்குச் சீட்டு காட்டாவிட்டால் நான் இந்த நாட்டவன் இல்லையாம்; லயத்தில் பிறந்தவருக்கு ஏது சீட்டு? அப்படியென்றால் இந்தியாவா என்றார். இந்தியாவை நான் பார்த்ததேயில்லை, அங்கே எந்தப் பதிவும் எனக்கில்லை. இருவரும் வெகுநேரம் இங்கிலீஷில் பேசினார்கள். கடைசியில் விருந்தாளி படங்களை அடுக்கிப் பெட்டியில் வைத்தார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்ன ஆச்சு என்றாள் பேச்சியம்மா.

"அந்தப் பாசிக்குக்கூட ஊரு இருக்காம்டி," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. வெளியே போய்ச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் காயவில்லை, நாளைக்கும் போட்டு வைக்கிறேன் என்றாள்.