பஞ்சநதம் விழவில்லை

சூடத்தை ஏற்றிக் கையால் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. எதையும் கூட்டவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்களே என்று இரண்டு இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே குதிரை வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். குதிரையின் பெயர் நவாப். முத்துப்பேட்டை அப்துல் வஹாப் பதினோரு வருஷம் அதை மாப்பிள்ளை அழைப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது மாப்பிள்ளைகள் திறந்த ஜீப்தான் வேண்டும் என்கிறார்களாம். “வேலையில்லாம நின்னா இதுக்கு மனசு விட்டுப் போயிடும், நீங்க வச்சுக்குங்க” என்று கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்.

வாசலில் குதிரை நின்றால் அதுவரை எட்டிப் பார்க்காத உறவெல்லாம் வரும். முதலில் என் மருமகன் அரவிந்தன். “வீடியோ நிறையப் பார்த்திருக்கேன் மாமா” என்று ஏறியவன் குறுவை நாற்றங்காலில் குப்புற விழுந்தான். அந்த இடத்தில் மட்டும் நாற்று ஒரு சாண் கூடுதலாக வளர்ந்தது, மூக்கு முழி தெரிய. அடுத்து என் சிநேகிதர் அந்தோணிமுத்து, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மாதா கோயில் வாசலில் நவாப் நின்றது. அவர் நிற்கவில்லை. வைக்கோல் போரில் போய்ச் செருகிக்கொண்டார். முப்பது வருஷத்து முதுகுவலி அன்றோடு போயிற்று. அதற்கு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். குதிரைக்கு ஒரு பிடி கொள்ளு கொடுக்கவில்லை.

என் மனைவி பிரகதாம்பாள் தீர்ப்பு சொல்லிவிட்டாள். “இன்னொருத்தர் கீழ விழட்டும். மறுநாள் காலையில உங்க நவாப் முத்துப்பேட்டைக்கே போயாகணும்.”

சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவள் தம்பி பஞ்சநதம் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கினான். வயது அறுபத்தொன்று. எடை நூற்றிரண்டு கிலோ. கோட்டு, கறுப்புக் கண்ணாடி.

“அத்தான், ஒரே ஒரு ரவுண்டு. போட்டோ எடுத்து குரூப்ல போடணும்.”

“பஞ்சு, வேணாம்டா. நீ விழுந்தா குதிரை போயிடும்.”

“நான் போயிடுவேன்னு கவலை இல்லையா உங்களுக்கு?”

“நீ திரும்பி வருவே.”

கேட்கவில்லை. ஏறிவிட்டான். விழாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். டிராக்டரில் நெல் மூட்டை ஏற்றிக் கட்டுவோமே, அந்தக் கயிறு, அந்தக் கட்டு. ஆளையும் சேணத்தையும் குதிரையையும் சேர்த்து நாலு சுற்று. அந்தக் கட்டு அவிழாது, அறுத்தால்தான் உண்டு. பஞ்சு இறங்கவும் வேண்டியிருக்கும் என்பது அப்போது என் யோசனையில் இல்லை.

தை மாதத்து முகூர்த்த நாள். பக்கத்து ஊரில் மாப்பிள்ளை அழைப்பு. தவில் சத்தம் வாய்க்கால் தாண்டி வந்தது. நவாப் காதை நிமிர்த்தியது. அவ்வளவுதான், பழைய உத்தியோகம் ஞாபகம் வந்து கிளம்பிவிட்டது. நான் பின்னாலேயே சைக்கிளில்.

நவாப்புக்கு ஒரு பழக்கம். கோலம் போட்ட வாசலில் எல்லாம் நிற்கும், ஆரத்தி எடுக்காமல் நகராது. பதினேழு வாசலில் நின்றது. பதினேழு வீட்டிலும் ஆரத்தி கரைத்து எடுத்தார்கள். கல்யாண மண்டபம் போய்ச் சேர்ந்தபோது பஞ்சுவின் நெற்றிச் சிவப்பு மூக்கைத் தாண்டி மோவாய்க்கு வந்திருந்தது.

உண்மையான மாப்பிள்ளையின் கார், வழியில் கதிர் அறுக்கும் மெஷினுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் ஒரே தவிப்பு. கோட்டுப் போட்ட ஆள் குதிரைமேல் வந்தால் என்ன நினைப்பார்கள்? மாலையைப் போட்டுவிட்டார்கள்.

“மாப்பிள்ளைக்கு வயசு கொஞ்சம் கூடத் தெரியுதே” என்றார் ஒரு பெரியவர்.

“வெளிநாட்டுத் தண்ணிங்க. அப்படித்தான் ஆக்கிப்புடும்” என்றாள் ஒருத்தி.

பெண் மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். “மேல இருக்கறது வேணாம்பா. கீழ இருக்கறதுன்னா யோசிக்கலாம்.”

“நான் மாப்பிள்ளை இல்லீங்க!” என்று பஞ்சு கத்தினான்.

“வெக்கப்படறார்” என்றார்கள்.

இறக்கப் பார்த்தார்கள், கட்டு விடவில்லை. பந்தி ஆறிவிடும் என்று நாலு பேர் இலையைத் தூக்கிப் பிடிக்க, மேலேயே சாப்பாடு. மூன்று தடவை பாயசம். அதற்குள் நிஜ மாப்பிள்ளை அதே மெஷினில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். பெண் அவனையும் பார்த்தாள், குதிரையையும் பார்த்தாள். கடைசியில் அவனுக்கே சரி என்றாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் பிரகதாம்பாள், இடுப்பில் கை. நான் அரிவாளை எடுத்து ஒரே இழுப்பு. கயிறோடு சேர்ந்து சேணத்து வாரும் அறுந்துவிட்டது.

தொப்பென்று சத்தம். பஞ்சு தரையில்.

“விழுந்தாச்சு. காலையில ஆளைக் கூப்பிட்டு ஓட்டிவிடுங்க” என்றாள் அவள்.

“எங்க விழுந்தான்? நல்லாப் பாரு. சேணத்துல உக்காந்தபடியே இருக்கான். கால் வளையத்துல இருக்கு. அவன் இடத்தை விட்டு அசையல. குதிரைதான் எழுந்து மேல போயிடுச்சு.”

அவள் என்னை நம்புவதாக இல்லை. “பஞ்சு, நீ சொல்லு. விழுந்தியா?”

நவாப் அவனையே பார்த்தது. நானும் பார்த்தேன். கழுத்தில் ரோஜா மாலை, கோட்டில் பாயசம். பஞ்சு மாலையைத் தடவிப் பார்த்தான்.

“அக்கா, என் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நடந்துது. எனக்கு யாரும் ஆரத்தி எடுத்தது இல்லை. நான் விழலக்கா. நாளைக்கு எந்த ஊர்ல முகூர்த்தம்?”

பிரகதாம்பாள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஊறவைத்த கொள்ளு. குதிரை எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். பிரகதாம்பாளோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். ஐந்தும் பெண்.