கறுப்புத் துணிக்குப் பின்னால்

ஆபரேஷன் முடிந்து காதுக்குப் பின்னால் கேட்கும் கருவியை மாட்டிய நாளிலிருந்து தையல்காரிக்குப் புருஷன் மேல்தான் சந்தேகம். குழாய் சொட்டுவது கேட்கிறது. தையல் மெஷின், இத்தனை வருஷம் இப்படியா கத்திக்கொண்டிருந்தது என்று எரிச்சல் வருமளவுக்குக் கேட்கிறது. கடைக்கு வருகிறவர்கள் ரவிக்கைக் கழுத்தைக் குறை சொல்வதுகூட, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல, வந்து சேர்ந்துவிடுகிறது. கட்டிய புருஷன் பேசுவது மட்டும் காதில் விழவில்லை. உதடு அசையும், அவள் பழைய வழக்கப்படி அதைப் படித்துப் பதில் சொல்வாள்.

மனுஷன் ஆபரேஷனே வேண்டாமென்றவர். "இப்படியே நல்லாத்தானே இருக்கோம்." யாருக்கு நல்லாயிருந்தது? இப்போது ஃபோன் வந்தால் மாடிப்படிக்கு நழுவிவிடுகிறார். காது போவதற்கு முன் கேட்ட அந்தக் கட்டைக் குரலை இன்னொரு தடவை கேட்கத்தான் மண்டையைத் திறக்கச் சம்மதித்தாள். அதை அவரிடம் சொன்னதில்லை.

கருவியோடு கேட்கப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம், அவரையும் கூட்டிப்போய் முறையிட்டாள். "எல்லார் பேச்சும் கேக்குது. இவரு மட்டும் வேணும்னே ஏதோ பண்றாரு."

அந்தப் பெண், சட்டத்தில் இழுத்துக் கட்டிய கறுப்புத் துணியை அவரிடம் நீட்டினாள். "வாயை மறைச்சுக்கிட்டுப் பேசுங்க சார். அவங்க உதட்டைப் பாக்கக் கூடாது."

"மறைக்கறதுக்கு இவருக்குச் சொல்லியா குடுக்கணும்" என்றாள் தையல்காரி.

துணிக்கு மேலே அவர் கன்னம் அசைந்தது. ஒன்றும் வரவில்லை. "பாத்தீங்களா?" என்று வெற்றியோடு திரும்பினாள்.

அந்தப் பெண் விழித்தாள். "எனக்கும் கேக்கலம்மா. சார், நீங்க வாயை மட்டும் அசைக்கிறீங்க. சத்தமே வரலையே."

அவர் துணியை இறக்கினார். திருதிருவென்று முழித்தார். வீட்டில் இருப்பது இரண்டே பேர். கேட்காத காதுக்குச் சத்தம் எதற்கு என்று, அவளிடம் பேசும்போது குரல் கொடுப்பதை எப்போதோ விட்டிருக்கிறார். விட்டது அவருக்கே தெரியவில்லை. அவளுக்கு வெட்கமாயிருந்தது, அழுகையும் வந்தது. ஆனாலும் சந்தேகம் முழுசாக விடவில்லை. தன் தொண்டையை ஒருத்தர் மறப்பாரா?

"இப்ப சத்தமா, சார்."

துணி மறுபடி ஏறியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கீச்சென்று, அதே தகர டப்பாவுக்குள்ளிருந்து, முன்பின் கேட்டிராத ஒரு குரல் அறைக்குள் வந்தது.

"நான்தான். கேக்குதா?"

யார் வந்திருப்பது என்று அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.