எண் இல்லாத ஸ்லைடு

அடுத்த அறையில் தம்பி கண்ணாடிப் பலகையின்மேல் கல்லைத் தேய்க்கும் சத்தத்தில் காலையிலிருந்து அக்காவுக்குப் பல் கூசியது. "போதும்டா, நிறுத்து!" என்று நாலு தடவை கத்தியாகிவிட்டது. அவன் காதில் போட்டுக்கொண்டால்தானே.

ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தது கல்லாகிப்போன ஒரு சைகஸ் தண்டு, பார்வைக்குக் குட்டைப் பனை மாதிரி இருக்கும் மரத்தினுடையது. தம்பி அதை வைர ரம்பத்தில் சீவி, உராய்வுப் பொடி தூவி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து ஸ்லைடாக்குவான். அக்கா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவனே நோட்டில் எழுதுவான். இருபது வருஷமாகக் கல்தூசிக்கான முகமூடி மட்டும் ஆணியில் புதுக்கருக்கு அழியாமல் தொங்கியது. "கல்லுக்குப் பயந்தா கல்லு வெட்ட முடியுமா?" என்பான், பெரிய வீரன் மாதிரி. இருமல் தொடங்கி மூன்று மாதம். போன வாரம் ஆஸ்பத்திரியில் நுரையீரலிலிருந்து துளி சதை எடுத்தார்கள். முடிவு என்ன என்று கேட்டால் பேச்சை மாற்றினான்.

"ஆரம்பிக்கலாமாக்கா?"

நாற்பத்தொரு ஸ்லைடுகள் ஒழுங்காகப் போயின. வெளியே இலைக்காம்புகளின் அடிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. உள்ளே ஒல்லியான கட்டை வளையம், நடுவில் சோறு என்கிற மெத்தென்ற திசு. இலைக்குப் போக வேண்டிய நரம்பு, எதிர்ப்புறத்தில் கிளம்பித் தண்டைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடுது பாரு, உன்னை மாதிரியே," என்றாள்.

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அடுத்த ஸ்லைடில் எண் இல்லை.

"இது தண்டு இல்லையேடா. பொந்து பொந்தா இருக்கு. சுவரெல்லாம் ரொம்ப மெலிசு."

"நல்லா கல்லாயிருக்கா?"

"பிரமாதமா. ஒரு செல்லுகூடக் கலையல. கல்லு உள்ளே இறங்கி அப்படியே பிடிச்சு வச்சிருக்கு."

"எத்தனை வருஷம் இருக்கும்?"

"பத்துக் கோடிக்குக் குறையாது. எழுது."

பேனா ஓடும் சத்தம் கேட்கவில்லை. அவள் தலையைத் தூக்கினாள். தம்பி நோட்டை மூடிவிட்டு, விலாவில் கை வைத்திருந்தான்.

"போன வாரம்தான்க்கா ஆஸ்பத்திரியில எடுத்தாங்க. அவங்க கத்தி மூணு உடைஞ்சுச்சு. உங்க ரம்பத்துல முடியுமான்னு பாட்டில்ல போட்டுக் குடுத்துட்டாங்க. நானே வெட்டினேன்."

"விளையாடாதடா," என்று மறுபடி குனிந்தாள். ஓரத்தில் மயிரிழைக் குழாய் ஒன்று. அதற்குள் சிவப்பு இன்னும் போகவில்லை.

அவள் எழுந்து போய் அவன் முதுகில் காதை வைத்தாள். ரம்பம் நின்றிருந்தது. அடுத்த அறையில் யாரும் இல்லை. ஆனாலும் கண்ணாடியில் கல் தேயும் அதே சத்தம், காலையிலிருந்து அவள் திட்டித் தீர்த்த அதே சத்தம், அவனுக்குள்ளே மூச்சோடு மெதுவாகப் போய்ப் போய் வந்தது.

ஒரு இடத்தில் அது தயங்கியது.

"நிறுத்தாதடா," என்றாள். "தம்பி, நிறுத்தாதே."