நெசப்படம்

அரிசிச் சாக்கை நான்காக மடித்து இருளாண்டியின் முதுகுக்குப் பின்னால் திணித்துக்கொண்டிருந்தாள் சின்னத்தாய். ஏற்கெனவே இரண்டு தலையணைகள் இருந்தன. அப்படியும் அவர் தலை டிவி இருந்த பக்கம் நிமிரவில்லை.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கு புள்ள. பாதித் திரைதான் தெரியுது."

"பாதி தெரிஞ்சாப் போதும். படுத்துக் கெடக்கச் சொன்னாரா, சினிமா பாக்கச் சொன்னாரா டாக்டரு?"

"பாக்க வேணாம்னும் சொல்லலைல்லா."

அதுவும் சரிதான். விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்த டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, பிடிச்சதைக் குடுங்க" என்று மட்டும்தான் சொன்னார். இருளாண்டிக்குச் சோறு, கறியில் பெரிய பிடிப்பு கிடையாது. அவருக்குப் பிடித்தது நெசப்படம்.

அந்தப் பேரை அவர்தான் வைத்திருந்தார். தொடக்கத்தில் 'இது உண்மைக் கதை' என்று எழுத்து ஓட வேண்டும். சிறைக்குப் போன தலைவர், நிலத்துக்காகச் செத்த விவசாயி, ஆலையை மூட வைத்த கிராமம் என்று எதுவானாலும் சரி. பட்டாசுக் கம்பெனியில் நாளெல்லாம் லாரிக்குப் பெட்டி ஏற்றிவிட்டு வந்து, இடுப்பில் துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிடுவார். கவர்மென்ட் கொடுத்த கலர் டிவி வந்த பிறகு, போனஸில் ஒரு டிவிடி பிளேயரும் வாங்கிவிட்டார். படம் முடிந்ததும் ஒரே கேள்விதான். "பெறகு அந்தாளு என்ன ஆனான்?" அதற்குப் பதில் சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியாது.

சின்னத்தாய் அந்தப் படங்களைப் பார்த்ததே இல்லை. "நம்ம பொழப்பே போதும். அதைக் கரண்டைப் போட்டு வேற பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அன்று போக முடியவில்லை. தீபாவளி கழிந்த வாரம். ஆமத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் வேல்விழி அப்பாவுக்காகவே சிவகாசியில் தேடி ஒரு டிஸ்க் வாங்கி வந்து, அதைப் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். சாக்கிலிருந்து அவர் சரிந்து சரிந்து விழுந்தார். அதனால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தோளால் முட்டுக்கொடுத்தபடி, மடியில் முறத்தை வைத்துச் சின்ன வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

திரையில், எங்கோ வடக்கே ஒரு நூல் மில். கூலி கேட்டுப் பெண்கள் மில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வரிசை வரிசையாக, ஒரே மாதிரி கையை உயர்த்தி. நடுவில் ஒருத்தி எழுந்து நின்று பேசினாள். இருளாண்டி கண் கொட்டாமல் பார்த்தார்.

"இம்புட்டு வரிசையா யாரு உக்காருவா?" என்றாள் சின்னத்தாய், வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல். "வெயிலு ஏற ஏற நெழலைத் தேடி நகந்துக்கிட்டே இருப்போம். மத்தியானம் பாத்தா கேட்டுல ஒருத்தியும் இருக்க மாட்டா. அம்புட்டுப் பேரும் வேப்பமரத்தடியில கெடப்போம்."

இருளாண்டி மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார்.

"சத்தத்தைக் கொறை."

"ஏன், நல்லாத்தான பேசுறா அவ."

"கொறைன்னா கொறை புள்ள."

குறைத்தாள். திரையில் அந்தப் பெண் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான புதிதில் சின்னத்தாய் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். அங்கே பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டில் உட்கார்ந்தார்கள் என்பது இருளாண்டிக்குத் தெரியும். அப்போது அவர் லோடோடு ஆந்திராவுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது டீக்கடையில்தான் கேள்விப்பட்டார். இவளிடம் கேட்டதற்கு, "உக்காந்தோம், எந்திரிச்சோம்" என்று முடித்துவிட்டாள். பிறகு எத்தனையோ தடவை கேட்டார். அதே பதில்தான்.

"எதுக்கு உக்காந்தீக? கூலிக்கா?" என்று இப்போது மறுபடி கேட்டார்.

"கூலிக்குன்னா அன்னைக்கே சொல்லியிருக்க மாட்டேனா?"

"பெறகு?"

அவள் ஒரு வெங்காயத்தை முழுசாக உரித்து முறத்தில் போட்டாள்.

"கக்கூசுக்கு."

இருளாண்டியின் கண் அதற்குப் பிறகு டிவிப் பக்கம் போகவே இல்லை. அதுதான் அவளை மேலே சொல்ல வைத்தது.

"ஆபீஸுக்குப் பின்னாடி கருவேலங்காடு கெடந்துச்சுல்லா, அங்கனதான் போவோம். குடோன் கட்டணும்னு அதைச் சுத்திக் கம்பி போட்டுட்டாக. போறதுக்கு எடமில்ல. காலையில வந்தா பொழுதடையிற வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்து தீக்குச்சியக் கட்டையில அடுக்கணும். பாதிப் பேரு தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டோம். எம் பக்கத்துல உக்காருற மாரிக்கனி அப்ப முழுகாம இருந்தா. ஒருநா மயங்கி விழுந்துட்டா. மறுநா யாரும் உள்ள போகல."

"ஆரு முதல்ல போக வேணாம்னது?"

"ஆருன்னு என்ன. நாந்தேன்."

"நீயா?"

"மேனேஜர் வந்து என்ன வேணும்னு கேக்காரு. ஒருத்தியும் வாயத் தொறக்கல. ஆம்பளைகிட்ட எப்பிடிச் சொல்ல? அம்புட்டுப் பேரும் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்காளுக. கூலி ஏத்தணுமாங்காரு. இல்ல. லீவு வேணுமாங்காரு. இல்ல. பெறகு என்னதாம்மா வேணும்னு அவரு கத்த, மாரிக்கனி, 'ஐயா, கொஞ்சம் இருங்க, இந்தா வந்துருதேன்'னுட்டு அவரு ஆபீஸ் ரூமுக்குள்ள இருந்த கக்கூசுக்குள்ள போயி தாப்பாளப் போட்டுக்கிட்டா. அவ வெளிய வரவும் அடுத்தவ போனா. பெறகு அடுத்தவ. சாயங்காலம் வரைக்கும் வரிசை நிக்கி. பாவம் மேனேஜரு, அவருக்குப் போக எடமில்ல."

இருளாண்டி சிரித்தார். முதலில் நெஞ்சுக்குள்தான் குலுங்கியது. பிறகு இருமலாகி, இருமலுக்குள்ளிருந்து மறுபடி சிரிப்பாக வந்தது. கண்ணில் நீர் வழிந்தது. அவள் நெஞ்சைத் தடவிவிட்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இத ஏன் புள்ள இம்புட்டு நாளாச் சொல்லல?"

"இதெல்லாம் ஒரு கதையா? இந்தப் படத்துல நாட்டுக்கு உக்காருதாக, நெலத்துக்கு உக்காருதாக. நாங்க எதுக்கு உக்காந்தோம்னு வெளிய சொல்லவா முடியும்?"

"சொல்லணும்," என்றார் அவர். மூச்சு வாங்கியது. "இதத்தான் சொல்லணும். பெறகு? கட்டுனாகளா?"

"கட்டுனாக. ரெண்டு கட்டுனாக. கதவு மட்டும் போடல. எங்க சேலையில ரெண்டக் கிழிச்சுத் தொங்கவிட்டோம். கார்த்திகை கழிஞ்சுதான் கதவு வந்துச்சு."

"கதவும் வந்துருச்சு," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவள் தோளில் தலையை வைத்திருந்தார். அந்த வீட்டில் அவர்கள் பகலில் அப்படி உட்கார்ந்ததே இல்லை. வெளியே ஆள் நடமாட்டம் கேட்டும் அவள் நகரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "கருப்பட்டிக் காப்பி போடுதியா?" என்று கேட்டார். அவரைத் தலையணையில் சாய்த்துவிட்டு எழுந்து போனாள்.

டம்ளரோடு வந்தபோது படம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் அந்தப் பக்கம் இல்லை. அடுப்படி வாசல் பக்கமாகத் திரும்பியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவர் கை இன்னும் கதகதப்பாக இருந்தது. காப்பி ஆறுகிற வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேல்விழி குடத்தோடு உள்ளே வந்து, அம்மாவைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, குடத்தை இறக்கி வைக்காமலே "யப்பா" என்றாள். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் அழுகைச் சத்தம் எழுந்தது.

திருப்பூரிலிருந்து மகன் செழியன் வந்து சேருவதற்குள் அவர்கள் ஊரான தாயில்பட்டியின் பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். மாரிக்கனியும் வந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. சின்னத்தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குரலெடுத்து அழுதாள். அவள் காதோரம் சின்னத்தாய் மெல்லச் சொன்னாள்.

"ஒங்கதையத்தாண்டி சொல்லிக்கிட்டிருந்தேன் அவருகிட்ட. மேனேஜர் கக்கூச."

மாரிக்கனியின் அழுகை ஒரு நொடி நின்றது. "அதப் போயா சொன்ன?"

"அம்புட்டுச் சிரிச்சாரு."

மாரிக்கனி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள், பாவம், தாங்க முடியாமல் அழுகிறாள் என்று தண்ணீர் கொடுத்தார்கள். பொழுது சாயும் முன் இருளாண்டியைத் தூக்கினார்கள்.

மறுநாள் காலை ஆண்கள் சாம்பல் அள்ளச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். சின்னத்தாய் தலைக்கு ஊற்றிவிட்டு, ஈரம் சொட்ட வாசலில் நின்றாள். தீபாவளிக்கு அடைத்த கம்பெனிகள் அன்றுதான் திறந்தன. தெருமுக்கில் வேலைக்கு ஆள் ஏற்றுகிற வேன் வந்தது. எப்போதும் ஊரையே எழுப்புகிற அந்த ஹாரன் அடிக்கவில்லை. தெருமுக்கு மேட்டிலேயே டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார் போலிருந்தது. வேன் தன்பாட்டில் உருண்டு, சத்தமில்லாமல் அவள் வாசலைக் கடந்தது. உள்ளே சோற்றுத் தூக்குவாளிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் அவளைப் பார்த்தார்கள்.

போயிட்டு வாங்க என்பது போல் அவள் கையை லேசாகத் தூக்கினாள். சரிவு முடிகிற இடத்தில் இன்ஜின் மறுபடி உயிர்பெறும் சத்தம் கேட்டது.