யோகம் ஆறு தரம் தும்மினாள்

1985ஆம் ஆண்டு மார்ச் மூன்றாம் திகதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு யோகம் ஆறு தரம் தும்மினாள். ஒவ்வொரு தும்மலுக்கும் அவளுடைய மூக்கிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. ஆறு முடிந்ததும் கால் மணி நேரம் இடைவெளி, பிறகு மறுபடி ஆறு. ஐந்தோடு நின்றதும் இல்லை, ஏழுக்குப் போனதும் இல்லை. ஜெர்மனியில் டோர்ட்மண்டுக்கு வடக்கே ஓபர்வீடன் என்ற சிற்றூரில் மூடப்பட்ட பாடசாலை ஒன்றை அகதிகள் விடுதியாக மாற்றியிருந்தார்கள். அதன் இரண்டாம் மாடியில் ஞாயிறு மதியம் வரை சீனவெடி கொளுத்திய மணம் நிற்கும். விடுதிப் பொறுப்பாளர் அவளுடைய கதவில் புகைபிடிக்கக் கூடாது என்று ஓர் அறிவித்தல் ஒட்டினார். வைத்தியர் பூந்தாது ஒவ்வாமை என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார். அப்போது ஊரில் ஒரு மரத்திலும் இலை கூட இல்லை.

யோகத்துக்கு அப்போது முப்பத்தொரு வயது. கணவன் புவனேந்திரன் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தான். கையில் இருந்த காசு ஒருவருக்கு மட்டுமே போதுமாயிருந்ததால், வாய்த் துணிவு கூடிய ஆள் முதலில் போவது என்று இருவரும் பேசி முடிவெடுத்து, 1984இல் அவள் வந்து அகதி விண்ணப்பம் போட்டாள். அது ஏற்கப்பட்டால்தான் அவன் வரலாம். அதனால் தும்மலை அவள் பெரிதாக எடுக்கவில்லை. அவளைப் படுத்தியது கடிதான், தாங்க முடியாத அரிப்பு. ஞாயிறு பின்னேரம் தொடங்கி வெள்ளி வரை தோள், முதுகு, விரல் இடுக்கு எல்லாம் கடித்தது. வெள்ளி மாலை யாரோ சுடுதண்ணீர் வார்த்தது போலச் சட்டென்று நின்றுவிடும்.

அடுத்த அறையில் இருந்த நவரத்தினம் சாவகச்சேரித் தபாற்கந்தோரில் பதினெட்டு வருடம் வேலை செய்தவர். ஒழுங்காக நடக்கிற எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. ஒரு ஞாயிறு அவர் சன்னலைத் திறந்துவைத்து மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். கால்வாய்க்கு அப்பால் எங்கோ ஒரு வெடிச் சத்தம். யோகம் தும்மினாள். இன்னொன்று. இன்னொரு தும்மல்.

“வெளிக்கிடுங்கோ பிள்ளை, உங்களை ஆரோ சுடுறாங்கள்” என்றார் நவரத்தினம்.

கால்வாய்க்கு அப்பால் இருந்தது ஊர்த் துப்பாக்கிச் சங்கம். அங்கே பிரிங்க்மன் என்ற ஓய்வுபெற்ற டிராம் சாரதி கருமருந்து அடைத்துச் சுடும் சுழல் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். நூற்றிருபது வருடத்துக்கு முந்திய அமெரிக்க மாதிரியைப் பார்த்து இத்தாலியில் செய்த நகல் அது. தன் துப்பாக்கியைப் பற்றி யாராவது கேட்க வேண்டும் என்று பல வருடங்களாகக் காத்திருந்தவர் போல, அவர் அதைக் கழற்றி ஒவ்வொரு அடையாளமாகக் காட்டினார். குழாயின் அடியில் செய்தவனின் முத்திரை. அதன் பக்கத்தில், கூடிய மருந்து வைத்து வெடித்துப் பார்த்தும் உடையவில்லை என்பதற்கு அரசாங்கம் குத்திய நட்சத்திரம். சின்னக் கட்டம் ஒன்றுக்குள் ஏ, எம் என்ற இரண்டு எழுத்துகள். அப்படியிருந்தால் 1984இல் செய்தது என்று அர்த்தம். அந்த எழுத்துகள் இல்லாவிட்டால் நகலை அசல் என்று விற்றுவிடுவார்கள் என்றார். கடைசியாகக் குழாயிலும் உடலிலும் குண்டு போடும் உருளையிலும் ஒரே இலக்கம்: 40718.

யோகம் கைப்பையைத் திறந்து தன் விண்ணப்பத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். இலக்கம் 40718. ஆண்டு 1984. பிரிங்க்மன் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார். மூன்று இடத்திலும் பொருந்துகிறதே என்றார்.

“உவர் இதை எப்ப கழுவுறவர் எண்டு கேளுங்கோ அண்ணை” என்றாள் யோகம்.

நவரத்தினம் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டார். வெள்ளிக்கிழமைகளில், குளிக்கும்போது, என்று பதில் வந்தது. கருமருந்தின் கரியை அன்றைக்கே சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவாவிட்டால் இரும்பை அரித்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். மனைவி செத்த பிறகு அலுப்பாகிவிட்டது என்றார். யோகம் அவருடன் சண்டை பிடித்தாள். தமிழில் பிடித்த சண்டைதான், ஆனால் அவருக்கு முழுவதும் விளங்கியது. அதற்குப் பிறகு ஞாயிறு பதினொரு மணிக்கு அவளே போய்த் துப்பாக்கியைக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டாள். கடி நின்றது.

ஒரே ஒரு தடவைதான் பிழை நடந்தது. அவள் காய்ச்சலில் கிடந்த ஒரு ஞாயிறு பிரிங்க்மன் தன்னுடையதையும் நண்பருடையதையும் ஒன்றாகக் கழுவி உருளைகளை மாற்றிப் பூட்டிவிட்டார். நண்பருடைய இலக்கம் 40719. அது கீழ்மாடியில் இருந்த மன்னார் யாகோப்புவின் விண்ணப்ப இலக்கம். மூன்று நாள் யோகம் காலையில் எழும்பிச் செபமாலை சொன்னாள். யாகோப்பு திருநீறு தேடி அலைந்ததோடு, சமையலறையில் பாத்திரம் கழுவாமல் போட்டவர்களை யோகத்தின் குரலில் திட்டினார். நவரத்தினம் ஓடிப்போய் இலக்கம் பார்த்து உருளைகளை மாற்றிப் பூட்டுவித்தார். யாகோப்புவுக்குத் திட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை.

1987 செப்டம்பரில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அலுவலகம் மூன்றாம் மாடியிலிருந்து முதலாம் மாடிக்கு இடம் மாறியபோது அவளுடைய கோப்பு எங்கேயோ போய்விட்டது. கோப்பு இல்லாததால் விண்ணப்பமும் இல்லை, விண்ணப்பம் இல்லாததால் அவள் முப்பதாம் திகதிக்கு முன் நாட்டை விட்டுப் போக வேண்டும். இலக்கம் எழுதிய தாளோ அந்தக் கோடையில் மேற்சட்டைப் பையோடு சலவை மெசினுக்குள் போய்க் கூழாகியிருந்தது. யோகம் கட்டிலில் இருந்தபடி கடிதத்தைத் திரும்பத் திரும்ப மடித்தாள். “நான் அவருக்கு என்னெண்டு சொல்லுவன்? மூண்டு வருசம் அந்த லொட்ஜுக்குள்ள இருக்கிறார்” என்றாள். அவள் அழுததை நவரத்தினம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

திங்கட்கிழமை நவரத்தினமும் பிரிங்க்மனும் கோட்டு அணிந்து, பூட்டிய பெட்டியில் துப்பாக்கியோடு அவளையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி ஃப்ராவ் ஹெசல் நியாயமான பெண். முத்திரை குத்திய எதையும் மதிப்பவர். அரசாங்க நட்சத்திரம், ஆண்டு எழுத்து, மூன்று இடத்தில் இலக்கம் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடியால் பார்த்தார். துப்பாக்கி யாரென்பது சந்தேகமில்லாமல் நிரூபணமாகிவிட்டது, அது இந்தப் பெண்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். பரிசோதனைக்கு வியாழன் பத்தரைக்கு டேர்மின் என்று நேரம் குறித்துக் கொடுத்தார்.

புதன்கிழமை யோகத்துக்கு உண்மையான தடிமன் பிடித்தது. நவரத்தினம் மல்லியும் இஞ்சியும் அவித்து அவித்துக் கொடுத்தார். வியாழன் பத்தரைக்கு அவள் ஃப்ராவ் ஹெசலின் முன் மூக்கைப் பிடித்தபடி இருந்தாள். சங்கத்தில் பிரிங்க்மன் தொலைபேசியின் அருகே காத்திருந்தார். ஃப்ராவ் ஹெசல் எண்களைச் சுழற்றி, சுடுங்கள் என்றார். யோகம் தும்மினாள். மேசை மீது புகை படர்ந்தது. ஃப்ராவ் ஹெசல் நேரத்தைக் குறித்தார். இரண்டு, மூன்று, நான்கு. பிறகு வேண்டுமென்றே சுடச் சொல்லாமல் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். யோகத்தின் கண்ணில் நீர் நிறைந்தது. முகம் சிவந்தது. அறை அதிரத் தும்மினாள்.

ஃப்ராவ் ஹெசல் பேனாவை வைத்துவிட்டார்.

“இல்லை, இல்லை! அது என்ரை சொந்தத் தும்மல்” என்று யோகம் எழுந்தாள். “புகை வந்ததோ எண்டு கேளுங்கோ அண்ணை!”

நவரத்தினம் மொழிபெயர்த்தார். ஃப்ராவ் ஹெசல் குனிந்து மேசையை முகர்ந்து பார்த்தார். மல்லித் தண்ணீர் மணம்தான் வந்தது. அந்தத் தும்மலைத் தனியார் தும்மல் என்று எழுதி, மீதி இரண்டு வெடியையும் கேட்டு முடித்து, பழைய இலக்கத்திலேயே பழைய திகதியிட்டுப் புதுக் கோப்பைத் திறந்தார். ஆதாரம் கோப்போடு இருக்க வேண்டும் என்பது விதி. ஆயுதம் அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்பதும் விதி. ஆகவே கோப்பு பிரிங்க்மனின் ஆயுத அலமாரியில் வைக்கப்பட்டது. ஃப்ராவ் ஹெசல் அதில் எதையாவது எழுத வேண்டுமானால் சைக்கிளில் அங்கே போவார், கேக் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்.

1988 மேயில் யோகத்தின் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அக்டோபரில் புவனேந்திரன் வந்து இறங்கினான். அவர்களுக்கு இரண்டு அறை வீடு கிடைத்தது. ஞாயிறு காலை மனைவி புகையோடு தும்முவதைப் பார்த்து, சுகமோ என்று கேட்டான், சுகம் என்றாள், அவன் சன்னலைத் திறந்தான். அவனுக்குத் தும்மல் வரவில்லை. கடியும் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி முகமெல்லாம் எண்ணெய் பூசினது போலப் பளபளத்தது, அன்று முழுவதும் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தான். வேலை தேடப் போ என்றால் நாளைக்கு என்றான். யோகம் அவனுடைய கோப்பு இலக்கத்தைப் பிரிங்க்மனிடம் கொடுத்தாள். அவர் ஊரூராகச் சங்கங்களுக்கு எழுதினார். 1989 பெப்ரவரியில் ஹனோவரிலிருந்து பதில் வந்தது. அந்த இலக்கம் கொண்ட துப்பாக்கி ஒரு சேகரிப்பாளரிடம் இருக்கிறது. ஆண்டு எழுத்தும் சரி. கண்ணாடி அலமாரியில், பச்சை வெல்வெட்டில் வைத்திருக்கிறார். மாதம் ஒரு முறை பட்டுத் துணியால் எண்ணெய் பூசுவார். வாங்கியதிலிருந்து ஒரு தரமும் சுட்டதில்லை, இனியும் சுடும் எண்ணமில்லை.

நவரத்தினம் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரை யோகம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளறையில் கதிரையில் சாய்ந்திருந்த கணவனை எட்டிப் பார்த்தாள்.

“அப்ப இந்த மனுசனிலை பிழையில்லை” என்றாள். சமைக்கப் போனாள்.