சிடி போட இடமில்லாத கார்

வீட்டில் ஒரு பழஞ்சாமான் சும்மா கிடந்தால் சூசைப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் கடிக்கும். மெல்பேர்ண் வெரிபீயில் புது வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவர் எறியாமல் விட்டது மனைவி நேசமலரையும் மாதா சுரூபத்தையும் மட்டும்தான் என்று தெரிந்தவர்கள் பகிடி பண்ணுவார்கள். அப்படிப்பட்ட மனிசன் 2013இல் புதுக் கார் எடுத்தபோது, அதில் சிடி போட இடமே இல்லை என்று விற்றவன் சொன்னதும் கவலையா பட்டார்? சந்தோசப்பட்டார். அலுமாரி நிறையக் கிடந்த சிடிகளை ஒழித்துக்கட்ட நல்ல சாட்டு ஒன்று அகப்பட்டுவிட்டது.

"எல்லாத்தையும் ஒரு பென் டிரைவில ஏத்திக் காரில செருகினால் சரி. விரல் நீளச் சாமானுக்குள்ள முழுப் பாட்டும் அடங்கியிடும்," என்றார்.

நேசமலர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "சிடியள் கிடந்தால் உங்களிட்டைச் சோறே கேக்குது?" என்றாள். அவள் பேசினால் பாதி காற்றும் பாதி கரகரப்புமாகத்தான் வரும்.

"சோறு கேக்கேல்ல, இடம் பிடிக்குது."

"அப்ப என்ர சிடியை மட்டும் எடுத்து வையுங்கோ. பாட்டு ஏறினதோ எண்டு போட்டுக் கேட்டுப்போட்டு மற்றதுகளை எறியுங்கோ."

"ஓம், ஓம்," என்றார் சூசைப்பிள்ளை, கொம்பியூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என்ர சிடி என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நேசமலர் யாழ்ப்பாணம் குருநகரில் கோயில் பாடகர் குழுவில் பாடியவள். தவக்காலத்தில் அவள் தனித்துப் பாடத் தொடங்கினால் பின்வாங்கில் இருக்கிற, வள்ளமும் வலையும் வைத்திருக்கும் சம்மாட்டிமாரும் ஊர்க்கதையை நிறுத்திவிடுவார்கள். ஒரு பெரிய வெள்ளியன்று ஆர்மோனியக்காரர் அதைக் கசெற்றில் பதிந்து கொடுத்தார். கசெற் மெல்பேர்ண் வரைக்கும் வந்து சேர்ந்து, நாடா சுருளத் தொடங்கியபோது டண்டினோங்கில் ஒரு தமிழ்க் கடைக்காரன் அதைச் சிடியாக்கித் தந்தான். பழுதான கசெற்றை எறிந்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

அதன் பிறகுதான் அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. குரல் நரம்பைத் தொடாமல் எடுப்பது கஷ்டம் என்று முதலே சொல்லிவிட்டுத்தான் டொக்டர் ஒப்பரேசன் செய்தார். கட்டி போனது, குரலும் அதோடு போனது. அன்றிலிருந்து நேசமலர் அந்தச் சிடியைப் போடவில்லை. யாராவது போடப் போனாலும் எழும்பி அறைக்குள் போய்விடுவாள். இந்தப் புதுக் கார் வரப்போகிறது என்றதும்தான், "காரில எண்டால் கேப்பன். ஆற்ர முகத்தையும் பாக்கத் தேவையில்லை, றோட்டைப் பாத்துக்கொண்டு இருக்கலாம்," என்று தானாகவே சொன்னாள். அதைச் சொல்லுமளவுக்கு மனம் தேற அவளுக்கு எவ்வளவு காலம் பிடித்திருக்கும்! சூசைப்பிள்ளை அதையெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை.

சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு சிடியாகப் போட்டு, உள்ளே தெரிந்ததை இழுத்துப் பென் டிரைவில் விட்டார். கண்ணை மூடித் திறக்க முன்னம் ஏறியது. சிடியை எடுத்துப் போடுகிற நேரம்தான் செலவு. வருசக்கணக்காகச் சேர்த்த பாட்டெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே முடிந்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால், இவ்வளவு பாட்டும் இவ்வளவு கெதியாக ஏறுமோ என்று ஒரு சந்தேகமாவது தட்டியிருக்கும். இவர் தன்னுடைய கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டு போய், சிடிகளை அள்ளி மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டியில் கொட்டினார். நேசமலருடைய சிடியில் பெயர்கூட எழுதியிருக்கவில்லை. அது மற்றதுகளோடு சேர்ந்து போனது. அவள் எடுத்து வைக்கச் சொன்னது அவர் காதுவரைக்கும் வந்தது, மண்டைக்குள் போகவில்லை. திங்கட்கிழமை விடிய கவுன்சில் லொறி வந்து தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டது.

அடுத்த ஞாயிறு புதுக் காரில் பூசைக்குப் புறப்பட்டார்கள். நேசமலர் நல்ல சேலை உடுத்தி, கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு இருந்தாள். "போடுங்கோ," என்றாள். சூசைப்பிள்ளை பென் டிரைவைச் செருகினார். பாடக்கூடியது எதுவும் இதில் இல்லை என்று திரையில் இங்கிலிசில் எழுத்து வந்தது. கழற்றிச் சேட்டு நுனியில் துடைத்துத் திரும்பச் செருகினார். அதே எழுத்துத்தான்.

"கார் வித்தவன் பேய்க்காட்டி ஏமாத்திப் போட்டான்," என்றார்.

"பறவாயில்லை, பூசைக்கு நேரமாகுது," என்றாள் நேசமலர். ஆனால் கோத்த கையை எடுக்க அவளுக்குச் சற்று நேரம் சென்றது.

மறுநாள் வேலையிடத்தில் பென் டிரைவை அருந்தவனிடம் கொடுத்தார். கொம்பியூட்டர் விசயம் என்றால் அங்குள்ள தமிழ் ஆட்கள் எல்லாரும் அவனிடம்தான் போவார்கள். அவன் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, இதுக்குள்ள பாட்டே இல்லை. பாட்டு சிடியில எவ்விடத்தில கிடக்குது எண்டு காட்டுற குறிப்பு மட்டும்தான் இருக்கு. வீட்டு விலாசத்தை எழுதிக் கொண்டுவந்து வைச்சுக்கொண்டு, வீடு எண்டு சொல்லுறியள். சிடியளைக் கொண்டு வாங்கோ, நான் ஏத்தித் தாறன்."

"சிடி இல்லையடா தம்பி," என்றார் சூசைப்பிள்ளை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்த மனிசன்! சாப்பாட்டு நேரத்தில் கவுன்சிலுக்கு அழைத்தார். எடுத்த குப்பை அன்றைக்கே நசிந்துவிடும் என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். டண்டினோங் கடைக்காரன் கடையைப் பூட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய்க் கனகாலம். ஆர்மோனியக்காரர் மோட்சம் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் குரல் இந்த உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

வீட்டில் அவர் உண்மையைச் சொல்லவில்லை. காருக்கு ஏதோ ஒரு சாமான் வரவேண்டும் என்று மழுப்பினார். பின்னேரங்களில் வேலை முடிந்து ரயிலால் வருகிறவளை நிலையத்தில் காரில் ஏற்றும்போது அவளுடைய கண் அந்தத் திரையில் ஒருதரம் பட்டு மீளும். ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டுத் திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது தப்பியிருப்பார். அந்தப் பேசாமைதான் அவரைச் சாப்பிட விடாமல் செய்தது.

அந்தக் கிழமை முடிவதற்குள் ஒரு பின்னேரம் காரில் ஏறியதும் அவளே சொன்னாள். "கார் பாடாட்டிப் பாடாமல் விடட்டும். சிடியைத் தாங்கோ, குசினியில இருக்கிற பாட்டுப் பெட்டியில போட்டு நான் தனியக் கேக்கிறன். மனதைத் திடப்படுத்திப் போட்டன். இனியும் பிந்தினால் பயம் வந்திடும்."

சூசைப்பிள்ளை காரை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஏறாத பாட்டு, எறிந்த சிடி, நசித்த லொறி, ஒன்றையும் மறைக்கவில்லை. "நான் பெரிய பிழை விட்டிட்டன், மலர்," என்றார். ரயிலால் இறங்கிய சனம் எல்லாம் தங்கள் தங்கள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"ஒப்பரேசனுக்கு முந்தி, நீங்கள் தனியப் போகேக்க பழைய காரில கனதரம் ஓடினதுதானே, இந்தச் சிடி," என்றாள் கடைசியில். "நீங்கள் கேட்டிருப்பியள்."

"ஓம், கனதரம்."

"பாடுறவளுக்குத் தன்ர குரல் வெளியில எப்பிடிக் கேக்குது எண்டு தெரியாது. கசெற்றிலயும் சிடியிலயும் நான் வடிவாய்க் கேட்டதில்லை, வெக்கத்தில பாதியில நிப்பாட்டிப் போடுவன். இஞ்ச வெளியில இருந்து கேட்டது நீங்கள்தான். எப்பிடி இருந்தது, சொல்லுங்கோ."

சூசைப்பிள்ளை தேடிப் பார்த்தார். ஆர்மோனியம் ஞாபகம் வந்தது. யாரோ இருமியது ஞாபகம் வந்தது. செய்தி நேரம் வந்துவிட்டது என்று பாட்டை நிறுத்தி ரேடியோவுக்கு மாற்றியது ஞாபகம் வந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்க இவர் போனில் யாரோடோ காணி விலை கதைத்ததும் ஞாபகம் வந்தது. குரல் மட்டும் வரவில்லை. எவ்வளவு முயன்றும், இப்போது பக்கத்தில் இருக்கிற இந்தக் கரகரப்புத்தான் காதில் விழுந்தது. தன்னை நினைக்க அவருக்கே வெறுப்பாக இருந்தது.

"நல்லாயிருந்தது," என்றார்.

நேசமலர் பெல்ட்டை இழுத்துப் போட்டாள்.

"கேளாத ஆக்களும் அப்பிடித்தான் சொல்லுறவை," என்றாள்.